நான்காவது கம்பி

அவளுடைய உள்ளங்கை வேர்க்காது. என் பொறாமை அங்கிருந்துதான் தொடங்கியது. சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த ஒருத்திக்கு உள்ளங்கை வேர்க்காமல் இருப்பது நியாயமே இல்லை என்று எனக்குத் தோன்றும். நான் ஒரு கம்பியை ஒட்டுவதற்குள் மூன்று முறை டிஷ்யூவில் கையைத் துடைப்பேன். அவள் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தால் வைத்ததுதான், அரை மணி நேரம் அசையமாட்டாள். எழுந்திருக்கும்போது வேலை முடிந்திருக்கும். ஏதோ ஒரு மாதா பாட்டை முணுமுணுத்துக்கொண்டே போய் கோப்பி கலக்குவாள். எனக்கும் சேர்த்துக் கலக்குவாள். அது இன்னும் எரிச்சல்.

எண்பதுகளின் நடுவில், பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையில் நாங்கள் இருவரும் டெக்னீஷியன்கள். ஒரே பாலிடெக்னிக்கில் படித்து, ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். எங்கள் மாடியில் வேலை செய்தவர்கள் எங்களை அக்கா தங்கை என்றே நினைத்தார்கள். யார் அக்கா என்று கேட்டால் அவளைக் காட்டுவார்கள். அவள் என்னைவிட நான்கு மாதம் இளையவள். இதை நான் எத்தனை பேரிடம் திருத்தியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதிக் கதை புரியாது. சில உலோகங்களை மிகவும் குளிர வைத்தால், ஒரு கட்டத்தில் அவற்றில் மின்சாரம் எந்தத் தடையும் இல்லாமல் ஓடும். அதே நேரத்தில், தனக்குள் புகுந்திருக்கும் காந்தப் புலத்தை அந்த உலோகம் வெளியே தள்ளிவிடும். மீக்கடத்தி என்று பாடப்புத்தகத்தில் போடுவார்கள். உலோகம் எவ்வளவு சுத்தமோ, அவ்வளவு முழுசாகத் தள்ளும். எங்கேயாவது கலப்படமோ கீறலோ இருந்தால் அந்த இடத்தில் கொஞ்சம் காந்தம் மாட்டிக்கொண்டு நிற்கும். எங்கள் பேராசிரியர், ஐம்பதைத் தாண்டிய சீனர், நியோபியம் என்ற உலோகத்தின் சுத்தமான படிகம் ஒன்றை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து வைத்திருந்தார். கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். அதன் மேல் எந்த இடத்தில் எவ்வளவு காந்தம் இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால், அதைவிட மிகச் சின்ன சென்சார் ஒன்று அதன் முகத்தில் உட்கார வேண்டும். அந்த சென்சார்களைச் செய்வதுதான் எங்கள் பிழைப்பு.

ஒரு சென்சார் அரிசி நொய்யில் பாதி இருக்கும். அதில் தலைமுடியைவிட மெல்லிய நான்கு கம்பிகளை ஒட்ட வேண்டும். இரண்டு கம்பி மின்சாரத்தைக் கொண்டுபோகும், மற்ற இரண்டும் காந்தத்தின் அளவைச் சொல்லும். ஒட்டுவதற்கு இண்டியம் என்ற மெத்தென்ற உலோகத்தைத்தான் எடுக்க வேண்டும். ரேடியோ ரிப்பேர்க்காரர்கள் வைத்திருக்கும் சாதாரண ஈயம் ஆகவே ஆகாது. ஏனென்றால் ஈயமும் அந்தக் குளிரில் மீக்கடத்தியாகிவிடும். படிகத்தை அளக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு நம்முடைய ஒட்டையே அளந்துகொண்டிருப்போம். சேர்ந்த முதல் நாளே பேராசிரியர் இதைச் சொல்லிவிட்டார். இண்டியத்தை ஒரு சின்ன அலமாரியில் பூட்டி வைத்திருப்போம். அதற்கு இருந்தது ஒரே சாவி. சாவி அவளிடம் இருந்தது. ஏன் அவளிடம் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, ஆனால் ஒவ்வொரு முறை அவளிடம் போய்க் கை நீட்டும்போதும் எனக்கு உள்ளுக்குள் புகையும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஒவ்வொரு சென்சாருக்கும் ஓர் அட்டை. செய்தவர் பெயரை அதில் எழுதி வைப்போம். பிறகு அது சொதப்பினால், பெயர் இருப்பவர்தான் பேராசிரியரிடம் போய் நிற்க வேண்டும்.

அந்த வருடம் ஓர் அறிவிப்பு வந்தது. ஜப்பானில் இருந்த ஓர் ஆய்வகத்துக்கு ஓராண்டுப் பயிற்சிக்காக எங்கள் ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு டெக்னீஷியனை அனுப்பப் போகிறார்கள். ஒருவரை மட்டும். எனக்கு அந்த இடம் வேண்டும் என்று சொன்னால் போதாது. ரேஸ்கோர்ஸ் ரோட்டுக்குப் பின்னால் இருந்த எங்கள் வீட்டில் எனக்கென்று ஒரு அலமாரித் தட்டுகூடக் கிடையாது. விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. எனக்கென்று ஓர் அறை, அதில் ஒரு மேசை, யாரும் என்னை இன்னொருத்தியோடு சேர்த்துப் பார்க்காத ஓர் ஊர். படுத்தால் அதுதான் கண்ணில் நின்றது.

அவளோ அறிவிப்பு வருவதற்கு முன்பே, சும்மா ஆசைக்கு, ஜப்பானிய மொழி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். சும்மா ஆசைக்கு. எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதீர்கள்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. தீபாவளிக்கு ஒரு தடவை அவளை வீட்டுக்குக் கூட்டி வந்தேன், அது நானே தேடிக்கொண்ட வினை. அம்மாவோடு சமையலறையில் உட்கார்ந்து முறுக்கு பிழிந்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு நான் எதைச் செய்தாலும் அம்மா, "அந்தப் பொண்ணு எவ்ளோ அமைதி, நீ ஏன் இப்படி கடுகடுன்னு இருக்கே?" என்பாள். தைப்பூசத்தன்று டேங்க் ரோட்டில் பால்குடத்தோடு நடக்கும்போதுகூட, "அவ வரலியா, வந்தா பாத்திருப்பாளே" என்றாள். அவள் கிறிஸ்தவள், தைப்பூசத்துக்கு வந்து என்ன செய்யப் போகிறாள் என்று நான் சிடுசிடுத்தேன். முருகன் என்னை அன்றைக்கே குறித்து வைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஜப்பானுக்கு யார் என்பது ஏறக்குறைய படிகத்தின் அளவீட்டில் முடிவாகும் என்று எல்லோருக்கும் தெரியும். எங்கள் இருவரின் சென்சார்களையும் பேராசிரியர் பரிசோதித்தார். என்னுடையதில் இரைச்சல் கொஞ்சம் அதிகம். அவளுடையதை எடுத்துக்கொண்டு என்னுடையதை மேசை இழுப்பறையில் போட்டார். போட்டுவிட்டு, இதுவும் நன்றாகத்தான் இருக்கிறது என்று எனக்கு ஆறுதல் வேறு சொன்னார்.

குளிர வைக்க திரவ ஹீலியம் வேண்டும். அது விமானத்தில் சாங்கிக்கு வந்து, அங்கிருந்து லாரியில் எங்களிடம் வரும். வழியெல்லாம் ஆவியாகிக்கொண்டே வரும் என்பதால் வந்த மறுநாளே வேலையை முடித்தாக வேண்டும். அடுத்தது வர இரண்டு மாதம் ஆகும். அந்த முறை அது பெரிய வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருவதாக இருந்தது. ஹீலியத்துக்குப் பொது விடுமுறை தெரியாது. நாங்கள் இருவரும் காலையிலேயே வந்து, படிகத்தையும் சென்சாரையும் நீளமான எஃகுக் கோலின் நுனியில் பொருத்திக்கொண்டிருந்தோம். மதியம் இரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் நான்காவது கம்பி பிய்த்துக்கொண்டு வந்தது.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"மூணு மணிக்கு நான் கோயில்ல இருக்கணும். இன்னைக்கு பாடுறதுக்கு ஆளே இல்ல, நான் போகலன்னா ஃபாதர் பாவம். நீ ஒட்டிருவியா? ஒரு கம்பிதான் லா."

"எனக்கென்ன, ஒட்டிடுறேன்," என்றேன்.

"டோபி காட்ல ரோடெல்லாம் தோண்டிப் போட்டிருக்கான். பஸ் சுத்திக்கிட்டுப் போவும். நான் ஓடுறேன்," என்று பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். அந்தப் பையில்தான் சாவி இருந்தது.

பத்து நிமிடம் கழித்துத்தான் அது எனக்கு உறைத்தது. அலமாரி பூட்டியிருந்தது. ஆறு மணிக்கு அவள் திரும்பி வருவாள். ஹீலியம் ஏழு மணிக்கு. காத்திருந்திருக்கலாம், நேரம் இருந்தது. ஆனால் விடுமுறை நாளில், ஆளில்லாத கட்டடத்தில், அவளுடைய சென்சாருக்காக, அவள் பாடி முடிக்கிற வரைக்கும் நான் ஏன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்? மேசை மேல் ஈயச் சுருள் கிடந்தது. ஒரு பொட்டு எடுத்தேன், ஒட்டினேன். அதன் மேல் வழக்கம்போல வார்னிஷ் பூசினேன். பூசிவிட்டால் நான்கு ஒட்டும் ஒரே பழுப்புதான், எது எதுவென்று தெரியாது. தேக்காவுக்குப் போய் தோசை சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

வேண்டுமென்றே செய்தாயா என்று என்னை நானே எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். இல்லை. அவளைக் கவிழ்க்க வேண்டும் என்று அந்த நேரத்தில் நினைக்கவில்லை. அவளுடைய காரியத்துக்கு நல்ல வேலை செய்து கொடுக்க மனசு வரவில்லை. அவ்வளவுதான். என் சென்சாராக இருந்திருந்தால் எட்டு மணிவரைகூடக் காத்திருந்திருப்பேன்.

மறுநாள் சனிக்கிழமை அளவீடு. வரைபடத் தாளின் மேல் ஒரு பேனா தானாக நகர்ந்து கோடு போடும் கருவி எங்களிடம் இருந்தது. பேராசிரியர், அவருடைய மாணவர் ஒருவர், நாங்கள் இருவர், நான்கு பேரும் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றோம். குளிர் இறங்க இறங்க பேனா நேராகப் போய்க்கொண்டிருந்தது. வெப்பநிலை ஒன்பது கெல்வினைத் தாண்டி இறங்கும் இடத்தில் சரசரவென்று கீழே விழுந்தது. படிகம் காந்தத்தை வெளியே தள்ளிவிட்டது. மாணவர் கைதட்டினார். அவள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

பேனா தொடர்ந்து போயிற்று. ஏழு வந்தது. அங்கே அது இன்னொரு முறை, லேசாக, ஒரே ஒரு படி இறங்கியது.

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். சூடாக்கிக் குளிர வைத்தோம். அதே படி, அதே இடத்தில். மூன்றாவது முறையும் அப்படியே. சுத்தமான நியோபியத்தில் ஏழில் எதுவும் நடக்கக் கூடாது. ஏழில் மீக்கடத்தியாவது ஈயம்தான். ஈயம் எங்கேயாவது இருக்கிறதா என்று அவளிடம்தான் கேட்டார். நான்கும் இண்டியம் என்றாள் அவள், கொஞ்சமும் தயங்காமல். என்னிடம் அவர் கேட்கவில்லை. அப்படியானால் இது புதுசு என்று மெதுவாகச் சொன்னார். அந்தத் தாளைச் சுருட்டக்கூட மனமில்லாமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அறைக்குப் போனார்.

அது என் ஈயம். பேனா இறங்கிய கணத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். முதலில் பயம் தடுத்தது, சரி. ஆனால் திங்கட்கிழமைக்குள் பயம் போய்விட்டது. அதற்குப் பதிலாக வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. நடைபாதையில் போகிறவர் வருகிறவரெல்லாம் அவளுக்குக் கை கொடுத்தார்கள். கேன்டீன் அக்காகூட அவளுக்கு மீ கோரெங் நூடுல்ஸில் ஒரு முட்டையைச் சேர்த்துப் போட்டாள். நான் செய்த அரைகுறை வேலைக்கு அவளுக்குப் பாராட்டு. இதைவிட ஒருத்திக்கு என்ன கொடுமை வேண்டும்? இரண்டு நாள் சாப்பாடே இறங்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு செய்தி வந்தது. ஜப்பானிய ஆய்வகத்திலிருந்து ஒரு நிபுணர் மூன்று வாரத்தில் வருகிறார். இந்த முடிவைத்தான் அவர் முன்னால் வைக்கப் போகிறார்கள். சென்சாரைப் பற்றி அவளே நின்று பேசப் போகிறாள். அதற்குள் ஹீலியம் வராது, மறுபடி அளந்து பார்க்க வழியில்லை.

வருகிறவர் ஒரே கேள்வியில் அதை உடைத்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். எல்லோர் முன்னாலும் உடைப்பார். அந்த மூன்று வாரம் நான் நன்றாகச் சாப்பிட்டேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் உண்மை.

நிபுணர் வந்த அன்றைக்கு அவள் நீலச் சேலை கட்டி வந்திருந்தாள். அதுவும் அவளுக்கு நன்றாக இருந்தது. அரங்கில் முப்பது பேர் இருப்பார்கள். நான் கடைசி வரிசைக்கு முன் வரிசையில், நன்றாகத் தெரியும் இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன். அவள் பதறாமல் பேசினாள். ஜப்பானியர் சிறிய உருவம், நரைத்த தலை, மெல்லிய குரல். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நான் எதிர்பார்த்த கேள்வியைத்தான் கேட்டார். கம்பிகளை எதனால் ஒட்டினீர்கள், யார் ஒட்டியது?

இண்டியத்தால் என்றாள். மூன்றை நான் ஒட்டினேன், நான்காவதை என் தோழி ஒட்டினாள் என்றாள். அத்தோடு விட்டிருக்கலாம். என்னைக் கையால் காட்டி, என் கையைவிட அவள் கை சுத்தம், அவள் ஒட்டினால் நான் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்று ஆங்கிலத்தில் அத்தனை பேர் முன்னாலும் சொன்னாள்.

முப்பது தலையும் திரும்பின. ஜப்பானியர் என்னைப் பார்த்துச் சிரித்து, அப்படியா என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினார். நான் தலையசைத்தேன். உள்ளங்கை இரண்டும் தொப்பலாக நனைந்திருந்தன.

எதற்கும் பிரித்து ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்று அவர் மரியாதையாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

மறுநாள் காலை அவள் பிரித்தாள். வார்னிஷை அசிட்டோனில் கரைத்துவிட்டு, மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்துப் பார்த்தாள். நான் வாசல் பக்கம் எதையோ துடைத்துக்கொண்டிருந்தேன்.

"இங்க வா, வந்து பாரு," என்றாள்.

பார்த்தேன். மூன்று ஒட்டும் வெள்ளி நிறத்தில் மெழுகுபோல் இருந்தன. நான்காவது பளபளவென்று சாம்பல் நிறத்தில் குமிழியாக நின்றது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தன் பையைப் பார்த்தாள். எழுந்து போய் அதற்குள் கைவிட்டு சாவியை எடுத்தாள்.

"அன்னைக்கு சாவிய நான்ல கொண்டு போயிட்டேன்."

"ஆமா."

"நீ என்ன பண்ணுவே பாவம். ஹீலியம் வேற வர நேரம்." நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். "ஐயோ, நாலும் இண்டியம்னு ப்ரொஃபசர்கிட்ட அடிச்சு சொன்னேனே. உன்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னுகூடத் தோணல."

பேராசிரியர் அறைக்கு அவள் போகும்போது நானும் வருகிறேன் என்று சொன்னேன். ஒப்புக்குத்தான் சொன்னேன்.

"நீ எதுக்கு? அட்டையில என் பேருதானே இருக்கு," என்று சொல்லிவிட்டு அவள் மட்டும் போனாள்.

உள்ளே என்ன பேசினாள் என்று பிறகு தெரிந்தது. என் சென்சார், என் அட்டை, என் தவறு, ஈயம் கலந்துவிட்டது என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். எந்தக் கம்பி, யார் கை என்று அவர் கேட்டதற்கும் பதில் சொல்லவில்லை. அவர் மேலிடம் வரைக்கும் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தவர். ஒரு வாரம் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. இரண்டு வாரம் கழித்து ஜப்பான் பயிற்சிக்கான கடிதம் வந்தது. தன் ஒட்டுக்கே பொறுப்பெடுக்கத் தெரியாதவளை வெளிநாட்டுக்கு எப்படி அனுப்புவது என்று மேலே பேசிக்கொண்டார்களாம். கடிதத்தில் என் பெயர் இருந்தது.

அம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள். நான் போகமாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கெட்டியான கோட்டு ஒன்று வாங்கினேன், கண்ணாடி முன்னால் போட்டுப் பார்த்தேன். இதற்கிடையில் அடுத்த ஹீலியம் வந்தது. அவள் நான்கு கம்பியையும் இண்டியத்தில் ஒட்டி மறுபடி அளந்தாள். ஏழில் இருந்த படி காணாமல் போனது. ஒன்பதுக்குக் கீழே கோடு அவ்வளவு நேராக, அவ்வளவு சுத்தமாக ஓடியது. அந்தக் கோட்டைப் பார்த்தும் எனக்கு எரிந்தது. டிக்கெட் என் பையில் இருந்தது, அப்போதும் எரிந்தது.

நான் கிளம்பியது ஒரு வெள்ளிக்கிழமை. வழியனுப்ப வீட்டு ஆட்கள் எல்லோரும் சாங்கிக்கு வந்திருந்தார்கள். அவளும் வேலை முடிந்து நேராக வந்தாள். அம்மா என் பெட்டியை நான்காவது முறையாகத் திறந்து ஊறுகாய் பாட்டிலைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும்போது, அவள் என் முழங்கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போனாள்.

"ஒண்ணு கேக்கணும். கோச்சுக்கக் கூடாது."

"கேளு."

"அன்னைக்கு ஏழுல கோடு எறங்குச்சில்ல, அப்பவே உனக்குத் தெரியுமா? ஈயம்னு?"

அவள் கண்ணைப் பார்த்தேன். திட்டுவதற்காகக் கேட்கவில்லை. ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவள் என்ன செய்திருப்பாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பின்னால் அறிவிப்பில் என் விமானத்தைக் கூப்பிட்டார்கள்.

"தெரியாது," என்றேன். "எனக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சா சொல்லியிருக்க மாட்டேனா?"

அவள் மூச்சை விட்டாள். முகம் அப்படியே தெளிந்துவிட்டது. என்னை இழுத்துக் கட்டிக்கொண்டாள்.

"அப்பாடா. ரெண்டு மாசமா மனசுக்குள்ள வச்சு அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. உன்னப் போயி சந்தேகப்பட்டுட்டேனே. நாளைக்குப் பாவசங்கீர்த்தனம் இருக்கு, மொத வேலையா ஃபாதர்கிட்ட சொல்லிடுறேன். நீ நல்லபடியா போயிட்டு வா."

அவர்கள் வழக்கம் எனக்குத் தெரியும். சனிக்கிழமை சாயங்காலம் குருவானவர் முன்னால் மண்டியிட்டு, செய்த பாவத்தை வாயால் சொல்ல வேண்டும். அவர் கேட்டுவிட்டு, இறைவன் பெயரால் மன்னித்து அனுப்புவார்.

மறுநாள் சாயங்காலம் நான் ஜப்பானில், நான் கேட்டதுபோலவே எனக்கென்று இருந்த ஓர் அறையில், கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். சிங்கப்பூரில் இப்போது மணி என்ன என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவள் மண்டியிட்டிருப்பாள். ஒரு பாவமும் அறியாத தோழியைச் சந்தேகப்பட்டேன் என்று சொல்லியிருப்பாள். அவரும் மன்னித்திருப்பார். அவள் எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு, லேசான மனசோடு பஸ்ஸுக்கு நடந்திருப்பாள். அந்த மன்னிப்பின் மேலும் எனக்குப் பொறாமையாக இருந்தது.